ஹாம்பர்க்கில் பதினொரு படி

"மெனுவுல சாப்பாட்டுப் படம் போட்டிருந்தா அந்தக் கடைக்குள்ள காலு வைக்காத தம்பி. வாசல்ல நின்னு கூவிக் கூப்பிடுறவன் கடைக்கும் போகாத. நல்ல கடைக்காரனுக்கு வாசலுக்கு வர நேரம் ஏது?"

இதைச் சொன்னவர் ஐரோப்பாவை நாலு தடவை சுற்றி வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். யாங்கோனில், பன்சோடான் தெருவில், லிஃப்ட் எப்போதோ செத்துப்போன ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில், கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர். பர்மாக்காரர்கள் எல்லாரும் அவரைச் 'சயாமா' என்பார்கள். டீச்சரம்மா என்று வைத்துக்கொள்ளலாம். தமிழில் பேசுகிறவன் அங்கே நான் ஒருத்தன்தான் என்பதால் எனக்கு மட்டும் அவர் அக்கா. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த குடும்பம். கழுத்தில் சின்னச் சிலுவை, மூக்கின் நுனியில் கண்ணாடி, இடுப்பில் ஒரு சாவி.

அந்தச் சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பலிலிருந்து இறங்கி ஊருக்கு வந்ததும் எங்கள் பாஸ்போர்ட்டை ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும். அடுத்த கப்பல் வரும்வரை அது அக்காவுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அலமாரியில் தூங்கும். அலமாரி நிறையப் பாஸ்போர்ட். அத்தனைக்கும் சாவி வைத்திருந்த மனுஷிக்குச் சொந்தமாக ஒன்று கிடையாது.

அவர் பிறந்தது இதே ஊரில். அவருடைய அம்மா பிறந்ததும் இங்கே க்யிம்யிண்டைங் பேட்டையில்தான். ஆனால் அப்பா எந்தக் காலத்திலோ குடியுரிமைக்காக எழுதிக் கொடுக்க வேண்டிய ஒரு காகிதத்தை எழுதிக் கொடுக்காமல் விட்டுவிட்டார். அதனால் அக்கா கையில் இருந்தது வெளிநாட்டுக்காரருக்குக் கொடுக்கிற பதிவுப் புத்தகம். வருஷா வருஷம் வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டும். ஒரு ராத்திரி வெளியூரில் தங்குவதென்றாலும் மனு எழுதி அனுமதி வாங்க வேண்டும். ஒரு தடவை தன்லியினில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் தன்லியின், இங்கிருந்து பஸ்ஸில் போய்விடலாம். அனுமதி வரவில்லை. சாயங்காலம் சர்ச்சில் மோதிரம் மாற்றிய கையோடு, பந்தி போடுவதற்குள், கடைசி பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்தார்.

"பிரியாணி வாசனை மட்டும் புடிச்சிட்டு வந்தேன்" என்று மறுநாள் சொன்னார். "இந்தியா எம்பசில கேட்டா நீ பர்மாக்காரிங்கிறான். இங்க கேட்டா நீ இந்தியாக்காரிங்கிறான். ரெண்டுக்கும் நடுவுல கடல்தான் இருக்கு. அங்க போயி நிக்கவா?"

இந்த அக்காதான் எங்களுக்கு ஆன்ட்வெர்ப்பிலும் ஜெனோவாவிலும் லிஸ்பனிலும் எங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்.

தடித்த அட்டை போட்ட ஒரு பழைய கப்பல் லாக் புக் அவரிடம் இருந்தது. எண்பத்தெட்டில், மாணவர் கிளர்ச்சியால் ஊரே அடைத்துக் கிடந்த மாதங்களில் ஆரம்பித்ததாம். கப்பல் இல்லை, டைப் அடிக்க வேலை இல்லை. வேலைக்குக் காத்துக் கிடந்த ஒரு வயசான கப்பல் சமையல்காரர் மட்டும் தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, தான் சாப்பிட்ட கடைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாராம். சும்மா கேட்பானேன் என்று அக்கா எழுத ஆரம்பித்தார். அதற்கப்புறம் விடவில்லை. கப்பலிலிருந்து எவன் திரும்பி வந்தாலும், பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, லாக் புக்கைத் திறப்பார்.

சாக்லேட், சோப்பு, சென்ட் எதுவும் வாங்க மாட்டார். "அதெல்லாம் உன் வீட்டுக்குக் கொண்டு போ. எனக்கு ஒரு கடை சொல்லு" என்பார். சொல்வது லேசான காரியம் என்று நினைக்காதீர்கள். துறைமுக கேட்டிலிருந்து இடமா வலமா, எத்தனை தப்படி, கதவு என்ன நிறம், உள்ளே இழுக்கிற கதவா வெளியே தள்ளுகிற கதவா, படி உண்டா, என்ன சாப்பிட்டாய். கடைசியாக ஒரு கேள்வி நிச்சயம் வரும். "பக்கத்து மேசையில யாரு உக்காந்திருந்தா?" அதற்குப் பதில் தெரியாவிட்டால் அந்தக் கடையைப் புத்தகத்தில் ஏற்ற மாட்டார். பக்கத்தில் யார் இருந்தார் என்று பார்க்காதவன் சாப்பாட்டையும் பார்த்திருக்க மாட்டான் என்பது அவர் கட்சி. இரண்டு பேர் ஒரே கதவுக்கு இரண்டு நிறம் சொன்னால் தீர்ந்தது. இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து விசாரிப்பார், போலீஸ் ஸ்டேஷன் கெட்டது போங்கள்.

அவர் மட்டும் எந்தக் கடையிலும் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு அடித்ததும் டிபன் டப்பாவைத் திறந்து, மூடியில் சோற்றைக் கொட்டி, முட்டைக் குழம்போ கருவாடோ, மேசையிலேயே முடித்துக்கொள்வார். கீழே தெருவில் மொயிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், விற்கிற கடையின் வாசனை மூன்று மாடி ஏறி வரும். "வாங்கக்கா, ஒரு கிண்ணம் சாப்பிட்டுட்டு வரலாம்" என்று ஒருநாள் கூப்பிட்டேன்.

"அது தெரிஞ்ச கடை. தெரிஞ்ச கடைக்கு எதுக்குப் போகணும்?" என்றார்.

அவர் சொன்ன வழி பொய்க்காது. அதையும் சொல்லியாக வேண்டும். என் முதல் ஆன்ட்வெர்ப் பயணத்தில் கப்பல் நாலு நாள் நின்றது. அப்போதெல்லாம் மரம் ஏற்றுகிற பழைய கப்பல்கள், சரக்கு இறக்க நாள்கணக்கில் ஆகும், இறங்கி நடக்கலாம். அக்கா கொடுத்த சீட்டில் ஒரே வரி: "பன்னிரண்டு மணிக்கு கேட்டில் நில். வேலையாட்கள் எந்தப் பக்கம் போகிறார்களோ அவர்கள் பின்னால் போ." போனேன். பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு கடை. உள்ளே ஒரே ஆவி. எல்லார் முன்னாலும் கறுப்புச் சட்டி, சட்டி நிறைய மட்டி, பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல்.

உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. எங்கள் ஊர் டீக்கடையில் பரிமாறுகிறவரைக் கூப்பிட வேண்டுமென்றால் உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி ஒரு சத்தம் போடுவோம். அது மரியாதைக் குறைவு இல்லை. ஊரே அப்படித்தான் கூப்பிடும். பழக்க தோஷம், அங்கேயும் போட்டுவிட்டேன். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா, ஐம்பது வயசிருக்கும், என் தொடை கனத்துக்குக் கை, நின்று திரும்பிப் பார்த்தார். செத்தோம் என்று நினைத்தேன். அவர் நேராக வந்து, தட்டைக் கீழே வைத்து, என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியில் பச்சக்கென்று ஒரு முத்தம் வைத்தார். கூரை பிய்ந்துபோகிற சிரிப்பு. அதற்கப்புறம் எனக்கு வந்த சட்டியில் மற்றவர்களுக்கு வந்ததைவிட மட்டி அதிகம்.

இதைச் சொன்னபோது அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, ஆன்ட்வெர்ப் பக்கத்தின் தலையில் சிவப்பு மையால் எழுதினார்: "வாயால் கூப்பிடாதே. கையைத் தூக்கு." அன்றிலிருந்து ஐரோப்பா போகிற ஒவ்வொருத்தனிடமும் அந்தக் கதையை அவரே சொல்லுவார், நான் பக்கத்தில் இருந்தாலும். மானம் மூன்று மாடி இறங்கிப் போகும். ஆனாலும் சொல்கிறேன், அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலு இடத்தில் அசடு வழியலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

இதெல்லாம் கொஞ்ச காலம்தான். தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கன்டெய்னர் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை கிடைத்தது. காலையில் கட்டினால் ராத்திரி அவிழ்த்துவிடுவான். அதைவிட மோசம் ஷோர் பாஸ், அதாவது கரையில் இறங்க அனுமதிச் சீட்டு. பர்மா பாஸ்போர்ட் என்றதும் சில துறைமுகங்களில் கையை விரித்துவிட்டார்கள். இறங்கி ஓடிவிடுவோமாம். ஹாம்பர்க்கில் முதல் தடவை கப்பல் பதினாலு மணி நேரம் நின்றது. கரைக்கு இறங்குகிற ஏணி, அதுதான் கேங்வே, அதன் அடியில் ஒரு காவல்காரன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கூட வந்த பிலிப்பைன்ஸ்காரன் அவனுக்கு ஒரு சலாம் போட்டுவிட்டு இறங்கிப் போனான். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூண்டுக்கோழிக்குக்கூட இன்னொரு கோழி துணையிருக்கும்.

ஊருக்கு வந்தேன். ஆபீசில் பெஞ்சு நிறைய ஆள். அக்கா என் பாஸ்போர்ட்டைப் பூட்டிவிட்டு, புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பி, மேலே 'ஹாம்பர்க்' என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சொல்லு தம்பி. ஹாம்பர்க்குல எங்க சாப்பிட்ட?"

இறங்க விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. அத்தனை பேர் முன்னால் வாய் வரவில்லை. கப்பல்காரன் என்று க்யிம்யிண்டைங் முழுக்க மார்தட்டிக்கொண்டு திரிகிறவன் நான். அதோடு, அந்தப் புதுப் பக்கத்தையும் அடிக்கோட்டையும் பார்த்தபோது வெறுங்கையோடு நிற்க மனசு கேட்கவில்லை. ஆனால் பாதிக்கு மேல் வெட்கம்தான். அதை அக்கா மேல் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன்.

"கேட்டுலேர்ந்து இடது கைப் பக்கம்கா" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் பொய் தானாக நடக்கிறது. ஒரு வாய்க்கால், ஒரு இரும்புப் பாலம், பாலம் தாண்டியதும் தரைக்குக் கீழே ஒரு கடை. பதினொரு படி இறங்க வேண்டும். பச்சைக் கதவு. வெண்ணெயில் பொரித்த மீன், வெதுவெதுப்பாக உருளைக்கிழங்கு. பரிமாறுகிற அம்மா வலது கையில் வாட்ச் கட்டியிருப்பார். பக்கத்து மேசையில் ஒரு கிழவர், எதிர் நாற்காலியில் தொப்பியை உட்கார வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கிறார்.

"தொப்பிய நாற்காலியில உக்கார வச்சாரா" என்று அக்கா மெதுவாகக் கேட்டார். எழுதினார். அந்தத் தொப்பிதான் கடையை நிலைநிறுத்திவிட்டது.

அதற்கப்புறம் ஹாம்பர்க் போகிறவனுக்கெல்லாம் அந்தச் சீட்டுதான். எவனாவது வந்து அப்படி ஒரு கடையே இல்லை என்று சொல்லிவிட்டால்? முதலில் போய்வந்தவன் எங்கள் எலக்ட்ரீஷியன், பர்மாக்காரன், என்னைவிடச் சின்னவன். அவன் திரும்பி வந்த அன்று நான் பெஞ்சில் இருந்தேன். அக்கா கேட்டார். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மீன் ரொம்ப நல்லா இருந்துச்சு சயாமா. அந்த அம்மா இவரைப் பத்தி விசாரிச்சாங்க" என்று என்னைக் காட்டினான்.

மாடிப்படியில் அவனைப் பிடித்தேன்.

"அகோ," என்றான். அவர்கள் பாஷையில் அண்ணன். "உங்க கடை நிஜமா எங்க இருக்கு? எங்களைக் கேங்வேயவே தாண்ட விடல."

"அப்புறம் ஏன்யா மீன் நல்லா இருந்துச்சுன்ன?"

"நீங்க போயிருக்கீங்க. நான் போகலன்னு எப்படிச் சொல்றது?"

அவனுக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவனுக்கப்புறம் போனவர்களும் ஆளுக்கொன்று சேர்த்தார்கள். ஒருத்தன் சன்னலில் பூந்தொட்டி வைத்தான். இன்னொருத்தன் ஒரு பூனையைக் கொண்டுவந்து விட்டான். பூனை குட்டி போட்டது. லாக் புக்கில் ஹாம்பர்க் மட்டும் ஐந்து பக்கம் ஓடியது. அத்தனை பேரும் கேங்வேக்கு மேலே நின்று பார்த்தவர்கள்.

அக்கா குடியுரிமை அட்டைக்கு மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வருஷம் தாத்தாவின் காகிதம் கேட்டார்கள், அடுத்த வருஷம் அதற்குச் சாட்சி கேட்டார்கள். நான் கடலை விட்டு ஊரை விட்டுக் கிளம்பிய நாள்வரை அந்த அட்டை வரவில்லை. ஆனால் வரும் என்றுதான் அவர் பேசுவார்.

"அட்டை வந்தா பாஸ்போர்ட்டு. பாஸ்போர்ட்டு வந்தா மொதல்ல ஹாம்பர்க்கு. வேற எங்கயும் இல்ல. உன் கடையில பதினொரு படி எறங்கி, அந்த அம்மாகிட்ட, இவங்களையெல்லாம் அனுப்பினவ நான்தான்னு சொல்லணும்."

கேட்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. ஒருநாள் துணிந்து, "அந்தக் கடைய மூடிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்கா" என்றேன்.

"யாரு சொன்னா? போன மாசம் எலக்ட்ரீஷியன் போயிட்டு வந்தானே. கூட்டம்னான்."

பொய்யைத் திறந்தது நான். மூட எனக்கு அதிகாரம் இல்லாமல் போய்விட்டது.

எட்டு வருஷம் போனது. ஒரு நாள் காலை, கப்பல் முதலாளியின் ஆள் ஒருவர் ஹாம்பர்க்கிலிருந்து எங்கள் ஆபீசுக்கு வந்தார். உயரமான, அமைதியான மனுஷர். புதுக் கப்பலுக்கு ஆள் எடுக்க. பெஞ்சில் நான், எலக்ட்ரீஷியன், பூனைக்காரன் உள்பட ஐந்து பேர். வேலைப் பேச்சு முடிந்ததும் அக்கா லாக் புக்கை எடுத்தார். எழுந்து போகலாமென்றால் பாஸ்போர்ட் மேசைமேல் இருக்கிறது.

மிஷன் பள்ளிக்கூட இங்கிலீஷில், நிதானமாக, அவர் படித்தார். கேட்டிலிருந்து இடது கை, வாய்க்கால், இரும்புப் பாலம், பதினொரு படி. "அந்தக் கடை பெயர் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

ஹாம்பர்க்காரர் புத்தகத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள்தான் இருக்கின்றன, நடந்து போகிற தூரத்தில் கடை என்று எதுவும் கிடையாது என்றார். பிறகு தயங்கி, எங்களைப் பார்க்காமல், "மன்னிக்க வேண்டும். இந்த ஆட்களுக்கு அங்கே ஷோர் பாஸ் கிடைப்பதில்லை. நாங்கள் ஒவ்வொரு தடவையும் கேட்கிறோம், மறுத்துவிடுகிறார்கள். யாரும் இறங்கியிருக்க முடியாது" என்றார்.

பெஞ்சில் ஐந்து பேரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா அவருக்கு நன்றி சொன்னார். கையெழுத்து வாங்க வேண்டிய தாள்களை வரிசையாக வைத்தார். ஒரு தாள்கூட மாறவில்லை. அவரை மாடிப்படிவரை போய் அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பன்னிரண்டு அடித்தது. டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

"இங்க வாடா" என்றார். அத்தனை வருஷத்தில் என்னை 'டா' போட்டது அன்றுதான்.

போய் நின்றேன்.

"எட்டு வருஷம் எனக்கு மீன் பொரிச்சுப் போட்டிருக்க."

"தப்புதான்கா."

"எனக்குத்தான் எங்கயும் போக முடியாது. நீங்கள்லாம் போறீங்கன்னு நெனச்சிருந்தேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றி, முந்தியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், வந்துவிட்டது.

அவர் அடிக்கோலை எடுத்தார். ஹாம்பர்க்கின் ஐந்து பக்கங்களுக்கும் குறுக்கே ஒவ்வொரு கோடு. பச்சைக் கதவு, வாட்ச், தொப்பி, பூனை, குட்டிகள், எல்லாம் போயிற்று. புதுப் பக்கம் திருப்பினார். 'ஹாம்பர்க்' என்று எழுதினார். அடிக்கோடு போட்டார்.

"சொல்லு. அன்னிக்கு நெசமா என்ன சாப்பிட்ட?"

"அதெல்லாம் எதுக்குக்கா?" என்றேன்.

"பசிச்சிருக்கும்ல? என்ன சாப்பிட்ட?"

"சோறு. தண்ணிப் பருப்பு. குக்கு கொஞ்சம் நாப்பி மீன் விழுது வறுத்து வச்சிருந்தான்."

"எங்க உக்காந்து?"

"மெஸ் ரூம்ல."

"எஞ்சின் ரூம்லேர்ந்து எப்படிப் போகணும்?"

"நாப்பத்திரண்டு படி ஏறணும். ஏறுனதும் வலது கை."

"கதவு?"

"சாம்பல் கலர். வெளிய இழுக்கிற கதவு."

"சன்னல் உண்டா?"

"வட்டமா ஒண்ணு. கிரேன் தெரியும். கிரேனுக்குப் பின்னால தூரத்துல ஒரு சர்ச் கோபுரம், பச்சையா."

எல்லாவற்றையும் எழுதினார். நாப்பத்திரண்டையும் எழுதினார், பச்சையையும் எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தார்.

"பக்கத்துல யாரு உக்காந்திருந்தா?"

"யாருமில்லக்கா."

'யாரும் இல்லை' என்று எழுதினார். மை காய ஊதினார். பிறகு பெஞ்சைப் பார்த்து, பர்மிய மொழியில், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்.

"அடுத்து நீ வா. நீ என்ன சாப்பிட்ட?"